வாய்த்தகராறு என்று எழுதினேன்

என் அக்காவுக்கு இடது காது கேட்காது. பிறவியிலேயே அப்படி என்று எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்களும் திருத்துவதில்லை. அவள் புருஷன் அறைந்த அறையில் போன காது அது. அறைந்தது அவன்தான். ஆனால் அதற்கு எட்டு மாதம் முன்னால் அவனைத் தடுத்து நிறுத்த ஒரு வழி இருந்தது. அந்த வழியை அடைத்தவள் நான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் நான் தருமபுரியில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். எங்கள் ஊர் பொம்மிடிப் பக்கம். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். காலையில் பஸ் பிடித்து வந்து சாயங்காலம் திரும்பிப் போவேன். வக்கீல் சாருக்கு வயது அறுபது இருக்கும். பெரும்பாலும் வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறை இந்த மாதிரி கேஸ்கள். நடுநடுவே புருஷன் கைவிட்ட பெண்கள் ஜீவனாம்சம் கேட்டு வருவார்கள். அவர்கள் அழுதுகொண்டே சொல்வதை நான் டைப் அடித்துக் கொடுப்பேன். முதல் மனுவில் எது இல்லையோ அது நடக்கவே இல்லை என்றுதான் கோர்ட் எடுத்துக்கொள்ளும் என்று சார் ஒவ்வொருவரிடமும் சொல்வார். நான்கு வருஷமாக அதைக் கேட்டவள் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது.

அக்காவைக் காரிமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் கொடுத்திருந்தோம். மாமா மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் செம்புக் கம்பி சுற்றிச் சரிசெய்கிற வேலை. மழையை நம்பிய பூமியில் மோட்டார் சரிசெய்கிறவனுக்கு எவ்வளவு மரியாதை என்று விவசாயம் பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்லாரும் "வாங்க, வாங்க" என்பார்கள். குடி கிடையாது. பீடி கிடையாது. ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போவார். இதைச் சொன்னால் இப்போதும் சிலர், "குடிக்காத ஆளு எதுக்கு அடிக்கப் போறான்?" என்று கேட்கிறார்கள். குழம்பில் புளி கூடிவிட்டது என்று அடித்தார். மூன்று வருஷமாகக் குழந்தை இல்லை என்று அடித்தார். எதற்கு அடிக்கிறார் என்று கேட்டதற்கும் அடித்தார்.

அன்றைக்கு மத்தியானம் அக்கா நேராக ஆபீஸுக்கு வந்தாள். சார் ஒரு கேஸ் விஷயமாக சேலம் போயிருந்தார். குமாஸ்தா சாப்பிடப் போயிருந்தார். அக்கா வாசலிலேயே நின்றாள். இடது கை மோதிர விரல் வீங்கிக் கறுத்திருந்தது. பழைய கேஸ் கட்டுகள் அடுக்கி வைத்திருந்த பின்னறைக்குக் கூட்டிப் போனேன். முந்தானையை விலக்கித் திரும்பி நின்றாள். ஜாக்கெட் முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் தொட்டுத்தான் பிரிக்க முடிந்தது.

"பெல்ட்டு. கடையில கெடக்குற மோட்டாரு பெல்ட்டு" என்றாள்.

முந்தானையை இழுத்து அவள் முதுகை மூடினேன்.

"பாப்பா, வூட்டுக்குத் தெரிய வேணாம். அப்பா அரிவாளத் தூக்கிட்டுப் போயிருவாரு. போலீசுல ஒரு எழுத்து வாங்கிக் குடு. இனிமேட்டு எம்மேல கை வெக்கக் கூடாதுன்னு. நீதான் சட்டம் தெரிஞ்ச ஆபீஸ்ல இருக்கியே. அந்த ஒரு எழுத்து போதும் எனக்கு."

அவ்வளவுதான் கேட்டாள். அவனை ஜெயிலில் போடச் சொல்லவில்லை. விவாகரத்து கேட்கவில்லை. ஒரு எழுத்து கேட்டாள்.

ஒரு நாள் பொறுத்திருந்தால் சார் வந்திருப்பார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் டாக்டரிடம் காயத்தைப் பதிய வைத்து, அப்புறம் மனு எழுதி எடுத்துப் போயிருக்கலாம். அதுதான் முறை என்று எனக்கு நன்றாகவே தெரியும். நான் பொறுக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை தருமபுரியில் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்லலாம் என்று பூசை நடுவில் எல்லார் காதிலும் விழும்படி படிப்பார்கள். எங்கள் கோயிலிலும் படிப்பார்கள், மாப்பிள்ளையின் கோயிலிலும் படிப்பார்கள். மூன்றாவது ஓலை முடிகிறவரைக்கும் பெண் வீட்டுக்காரர்கள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருப்பார்கள். எங்களுக்கு முதல் ஓலை போன ஞாயிறு வாசித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா பெண் பார்க்க வந்த அன்றைக்கே, "பெரிய பொண்ணு நல்லா வாழுதுங்களா? ஒரு வூட்டுல பெரியவ வாழாம வந்துட்டா சின்னவள எப்படிங்க எடுக்கிறது?" என்று கேட்டிருந்தார். "நல்லா வாழ்றாங்க" என்று அம்மா சொன்னாள். சொன்ன அம்மாவுக்கும் அது பொய் என்று அரைகுறையாகத் தெரியும். எனக்கு முழுசாகத் தெரியும்.

அம்மா சொல்லித்தான் நான் அப்படிச் செய்தேன் என்று பிற்பாடு சிலர் பேசிக்கொண்டார்கள். இல்லை. அம்மாவுக்கு அன்றைக்கு நடந்தது எதுவும் தெரியாது. யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானே செய்தேன்.

சாயங்காலம் நான்கு மணி இருக்கும், மாமாவின் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ஏட்டு இருந்தார். சிவந்த கண், பெரிய தொப்பை, மேஜைமேல் பாதி குடித்த டீ. அவர் தம்பியின் கிணற்று மோட்டார் அப்போது மாமாவின் கடையில் பிரிந்து கிடந்தது. அதை அவரே சொன்னார், மறைக்கவில்லை. ஆள் அனுப்பி மாமாவை வரவழைத்தார். மாமா வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து கைகட்டி நின்றார்.

"என்னாய்யா இது? ஊருக்கெல்லாம் மோட்டாரு சரி பண்ற, வூட்டுல உள்ளத சரி பண்ணத் தெரியலையா?" என்றார் ஏட்டு.

"எங்க வூட்டுப் பொம்பளைக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திங்க. வேற ஒண்ணும் இல்லைங்க."

"வாய் ஜாஸ்தின்னா கைய நீட்டிருவியா? என் பொண்டாட்டி வாய்க்கு நான் நெதம் நீட்டணும்." அவரே சிரித்துக்கொண்டார். மாமாவும் சிரித்தார். அப்புறம் ஏட்டு என் பக்கம் திரும்பினார். "நீதான் வக்கீல் ஆபீஸ் பொண்ணா? கேஸா, சமாதானமா?"

"சமாதானம்தாங்க சார்."

அக்கா என்னைப் பார்த்தாள். எழுத்து வாங்குவதும் சமாதானமும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள். அவள் படித்தது ஐந்தாவது.

ஏட்டு வெள்ளைத் தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தவர் அக்காவின் கையைப் பார்த்தார். அவளை ஒருமுறை திரும்பச் சொல்லி முதுகையும் பார்த்தார். பிறகு என்னைத் தனியாக ஜன்னல் பக்கம் கூப்பிட்டார். குரலைத் தணித்துத்தான் பேசினார்.

"ஏம்மா, வெரலு வீங்கியிருக்குது. ஜாக்கெட்டெல்லாம் கறையா இருக்குது. காயம்னு ஒரு வரி போட்டுரட்டுமா? நாளைக்கி எதுக்காவது ஆவும்."

தாளைக் கொடுங்கள், நானே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். "காயமெல்லாம் வேணாங்க சார். வாய்த்தகராறுன்னு போட்டுக்கலாம்" என்றேன். அவர், "உங்க அக்கா, உங்க இஷ்டம்" என்று டீயை எடுத்துக் குடித்தார்.

காயம் என்று எழுதினால் அதைக் கேஸாகப் பதிய வேண்டி வரும். கேஸ் என்றால் அடுத்த ஞாயிறுக்குள் விஷயம் கோயில் வாசலுக்கு வந்துவிடும். அந்த நிமிஷத்தில் என் மூளையில் இருந்தது அது ஒன்றுதான். முதுகு இல்லை. விரல் இல்லை.

என் கையெழுத்து அழகாக இருக்கும். அன்றைக்கும் அழகாகத்தான் எழுதினேன். எனக்கும் என் கணவருக்கும் ஏற்பட்ட சிறு வாய்த்தகராறில் கோபப்பட்டுப் புகார் சொல்ல வந்துவிட்டேன். என் கணவர் என்னை அடிக்கவோ துன்புறுத்தவோ இல்லை. என் முழு மனதுடன் அவருடன் குடும்பம் நடத்தச் செல்கிறேன். இது சம்பந்தமாக எனக்கு வேறு புகார் எதுவும் இல்லை. இப்படி எழுதினேன். இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. சமாதான எழுத்தில் அது இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நாளைக்கு யாராவது தோண்டினாலும் ஒன்றும் கிடைக்கக் கூடாது என்று நானாகச் சேர்த்தேன். நான்கு வருஷம் வக்கீல் ஆபீஸில் இருந்த புத்தி.

அக்காவிடம் பேனாவைக் கொடுத்தேன். தாளைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்க அவளால் முடியும். ஆனால் பக்கத்தில் புருஷன் நின்றான்.

"எல்லாம் எழுதிட்டியா பாப்பா?"

"எழுதிட்டேன்."

"பெல்ட்டு?"

"ம்."

கையெழுத்துப் போட்டாள். கீழே சாட்சி என்று நான் போட்டேன். மாமா ஒரு தாளில், மனைவியை நல்லபடி வைத்துக்கொள்வேன் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். மாமாவின் பின்னால் அக்கா நடந்து போனாள். எழுத்து கிடைத்துவிட்ட தைரியத்தில் கொஞ்சம் நிமிர்ந்துகூட நடந்தாள்.

இரண்டாவது ஓலை வாசித்தார்கள். மூன்றாவதும் வாசித்தார்கள். யாரும் எந்தத் தடையும் சொல்லவில்லை. என் கல்யாணத்துக்கு அக்கா இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டாள். பந்தியில் எல்லாருக்கும் சோறு பரிமாறினாள். அந்த மோதிர விரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு கிழவி, "என்னாடி, புது மோதரம் போட்டிருக்கியா, வெரல நீட்டி நீட்டிக் காட்டுற?" என்று கேட்டாள். பந்தியே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். மணப்பெண் கோலத்தில் இருந்த நானும் சிரித்தேன்.

எட்டு மாதம் கழித்து அவன் காதோடு சேர்த்து அறைந்தான். இனி மாமா என்று எழுத மாட்டேன். அக்கா காதில் ரத்தம் வழிய பெரியாஸ்பத்திரிக்குத் தானே பஸ் ஏறிப் போனாள். மூன்று நாள் படுத்திருந்தாள். அங்கிருந்து அப்பா வீட்டுக்கும் போகவில்லை, என் வீட்டுக்கும் வரவில்லை. தருமபுரியில் வரிசையாக ஒற்றை அறைகள் கட்டிவிட்ட ஒரு லைன் வீட்டில் அறை எடுத்தாள். புளி மண்டியில் கொட்டை எடுக்கும் வேலைக்குப் போனாள். பக்கத்து அறையில் கன்னடம் பேசுகிற ஓர் அம்மா இருந்தார். அவரும் அதே மண்டியில் வேலை. அவர்தான் அந்த வேலையையே வாங்கிக் கொடுத்தவர்.

அவன் அங்கேயும் வந்தான். மூன்று தடவை வந்தான். தெருவில் நின்று சொல்லத் தகாத வார்த்தைகளில் கத்தினான். கடைசித் தடவை கதவை உதைத்துத் திறந்து, மயிரைப் பிடித்துத் தெருக்குழாய் வரைக்கும் இழுத்து வந்தான். கன்னடத்து அம்மா தண்ணீர்க் குடத்தாலேயே அவன் தோளில் ஒன்று வைத்தார். குடம் நசுங்கியது. அவன் போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் அக்கா சாரைப் பார்க்க வந்தாள். அப்போதும் நான் அங்கேதான் வேலையில் இருந்தேன்.

சார், "அந்தாள உள்ள தள்ளணுமாம்மா? புதுசா சட்டம் ஒண்ணு வந்திருக்குது" என்றார்.

"உள்ள தள்ள வேணாங்க ஐயா. எம்பக்கத்துல வரக்கூடாது. அதுக்கு ஒரு எழுத்து வேணும்."

"புருஷன் பொண்டாட்டி பக்கத்துல வரக்கூடாதுன்னு எழுதித் தர சட்டம் நம்ம நாட்டுல இல்லம்மா" என்றார் சார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெருவுல வந்து கலாட்டா பண்ணினான் இல்ல? அதுல பிடிக்கலாம்" என்றார்.

அவர் விளக்கிச் சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. வீட்டுக்குள் எலும்பை உடைத்தால் குடும்ப விஷயம் என்பார்கள். தெருவில் சத்தம் போட்டால் பொது அமைதிக்குக் குந்தகம். ரெவின்யூ அதிகாரியான ஆர்.டி.ஓ. முன்னால் மனுக் கொடுத்து, இந்த ஆளால் அமைதி கெடும் என்று நிரூபித்தால், ஒரு வருஷம் ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று அவனிடம் ஜாமீனோடு பத்திரம் எழுதி வாங்கலாம். மீறினால் பிடித்து உள்ளே வைக்கலாம். தெருவின் அமைதியைக் காப்பாற்றுகிற சாக்கில் அக்காவைக் காப்பாற்ற வேண்டும். சார் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். இந்தத் தடவை பெல்ட்டை அடித்தேன், விரலை அடித்தேன், காதை அடித்தேன். ஒன்றையும் விடவில்லை. ஸ்டேஷனில் எழுதிய தாளைப் பற்றி மட்டும் சாரிடம் வாய் திறக்கவில்லை. யார் அதையெல்லாம் தேடி எடுக்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

தேடி எடுத்தார்கள். அவன் வைத்த வக்கீல் பதில் மனுவோடு அதன் நகலையும் சேர்த்துக் கொடுத்தார். சார் அதை அக்காவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தார். அக்கா வலது காதைத் திருப்பிக் கேட்டாள். படித்து முடித்ததும் கேட்டாள்:

"பெல்ட்டு அதுல இல்லைங்களா ஐயா?"

"இல்லம்மா. அடிக்கவே இல்லைன்னுல்ல இருக்குது."

அக்கா திரும்பவில்லை. நான் மெஷினில் தாளைச் சொருகிக்கொண்டே இருந்தேன். அந்தத் தாள் நேராகவே ஏறவில்லை. சார் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். என் கையெழுத்தை நான்கு வருஷத்துக்கு மேல் பார்த்தவர்.

"ஏம்மா, இது உன் எழுத்துதானே?"

"ஆமாங்க சார்."

"இதத்தான் என்கிட்ட கத்துக்கிட்டியா?"

அக்கா எழுந்து, புளி மண்டியில் ஆள் தேடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. "நீ சாட்சி சொல்லியாவணும். எழுதுனது பொய்யின்னு நீ சொல்லணும். ஏன் பொய் எழுதுனேன்னு அவங்க கேப்பாங்க. அதுக்கும் உள்ளதச் சொல்லு. அவமானமாத்தான் இருக்கும். ஆனா அதத்தான் நம்புவாங்க" என்றார். சரி என்றேன். காரணம் என்ன என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

விசாரணை அன்றைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கூட்டம் அதிகம் இல்லை. அந்தக் கன்னடத்து அம்மா அன்றைக்கு மண்டி வேலைக்குப் போகாமல், எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வந்திருந்தார். நான் பயந்துகொள்வேன் என்று என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் சாப்பாட்டுக் கூடை அவர் மடியில் இருந்தது. அவன் பக்கத்தில் அந்த ஏட்டு நின்றார். ஸ்டேஷன் எழுத்து உண்மையானது என்று சொல்ல அவரை வரவழைத்திருந்தார்கள்.

அவன் வக்கீல் என்னிடம் தாளைக் காட்டினார்.

"எழுதினது நீங்கதானே?"

"ஆமாங்க."

"அடிக்கவோ துன்புறுத்தவோ இல்லைன்னு இருக்கு. உண்மையா, பொய்யா?"

"பொய்ங்க."

"வக்கீல் ஆபீஸ்ல வேலை பாக்குற படிச்ச பொண்ணு. ஏன் பொய் எழுதினீங்க?"

பின் பெஞ்சைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தைரியமாகச் சொல்லு என்பதுபோல் தலையை ஆட்டினார். என் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேன், ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் என் அக்காவின் முதுகை மறைத்தேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் எங்களை ஏமாற்றிப் பெண் கொடுத்துவிட்டார்கள் என்று மாமியார் ஆயுசுக்கும் சொல்வார். அந்த மனுஷன் என்னை இனி எப்படிப் பார்ப்பார்? இதெல்லாம் நினைக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஏட்டு மிரட்டினாருங்க" என்றேன்.

அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஸ்டேஷனில் அவளும்தான் இருந்தாள். அவர் என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டுப் பேசியது அவளுக்குத் தெரியும். மிரட்டுகிறவன் குரலைத் தணித்துப் பேச மாட்டான் என்றும் தெரியும்.

ஏட்டு தன் முறை வரும்வரை பொறுக்கவில்லை. "ஐயா, இது அநியாயங்க ஐயா!" என்று முன்னால் வந்தார். அவன் வக்கீல் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் உதறினார். "நான் மிரட்டலைங்க ஐயா. எம் புள்ளைங்க மேல சத்தியம். வெரலு வீங்கியிருக்குது, ஜாக்கெட்டுல ரத்தக் கறை இருக்குது, காயம்னு எழுதட்டுமான்னு நானே கேட்டேன். இந்தம்மாதான் வேணாம்னுச்சு!"

ஆர்.டி.ஓ. நிமிர்ந்தார். "அப்போ காயம் இருந்தது?"

ஏட்டின் வாய் அப்படியே நின்றது. அவன் வக்கீல் தாளை மேஜையில் போட்டார்.

"கேக்குறேன் இல்ல. காயம் இருந்ததா?"

"இருந்துச்சுங்க ஐயா."

"ரத்தக் காயத்தப் பாத்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஏன் அனுப்பலை?"

அவர் பின்னால் நகர்ந்து நின்றார். அதற்குப் பிறகு கன்னடத்து அம்மாவைக் கூப்பிட்டார்கள். தெருக்குழாய் வரைக்கும் இழுத்து வந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "ஹௌது சாமி, பாத்தேன்" என்றார். ஆமாம் என்பதற்கு அவர் பாஷையில் அதுதான். "குடம் நசுங்கிப்போச்சு. புதுசு. அத யாரு குடுப்பா?" என்று அவர் பதிலுக்குக் கேட்டதும் ஆர்.டி.ஓ.கூடச் சிரித்துவிட்டார்.

ஒரு வருஷத்துக்கு இரண்டு பேர் ஜாமீனோடு பத்திரம் எழுதித் தர வேண்டும், அக்கா இருக்கும் இடத்துக்குப் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்று பத்து நாள் கழித்து உத்தரவு வந்தது.

சார் அந்தக் கதையை மற்ற வக்கீல்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "என் டைப்பிஸ்ட் பொண்ணு போலீஸ்காரனக் கிளப்பிவிட்டா பாரு. அவன் மானத்தக் காப்பாத்திக்க வாயத் திறந்தான், காயம் வெளிய வந்திருச்சு. நமக்கே இந்த யோசனை வரலையே!" என்னிடம் ஒருமுறை கேட்டார், "வேணும்னுதானேம்மா அப்படிச் சொன்ன?" என்று. நான் தலை குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் அவர் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். மாமியார், "வக்கீலுக்கே வழி காட்டிட்டியாமே" என்று அன்றைக்குத் தன் கையால் காப்பி போட்டுக் கொடுத்தார். நான் குடித்தேன்.

ஏட்டுக்கு மெமோ கொடுத்து விளக்கம் கேட்டார்கள். பிறகு எங்கேயோ மாற்றிவிட்டார்கள். தம்பி மோட்டாருக்காகப் பாதி வளைந்தவர்தான். அது உண்மை. ஆனால் அன்றைக்கு அந்த ஸ்டேஷனில் அக்காவின் காயத்தை எழுதட்டுமா என்று கேட்டது அவர் ஒருவர்தான். பழியை அவர்மேல் போட்டேன்.

உத்தரவின் நகல் கைக்கு வந்த அன்றைக்கு அக்கா ஆபீஸுக்கு வந்தாள். அவள் பெட்டியும் தையல் மெஷினும் இன்னும் அவன் வீட்டில் இருந்தன. நகலை அந்த ஊர் ஸ்டேஷனில் கொடுத்து, ஒரு போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு போய் எடுத்துவர வேண்டும். கன்னடத்து அம்மா கீழே நின்றிருந்தார். நகலை மடித்து அக்காவிடம் கொடுத்தேன். அவள் விரித்தாள். அங்கேயே நின்று, விரலை வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். படித்துச் சொல்லட்டுமா என்று சாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

படித்து முடித்துவிட்டு, "நீ பெரிய கெட்டிக்காரியாமே, ஊரே சொல்லுது" என்றாள்.

"அக்கா, நான்..."

"எனக்குத் தெரியும் பாப்பா. உன் ரெண்டாவது ஓலைக்கு முன்னாடி வந்தேன் இல்ல நான். அன்னைக்கே கணக்குப் போட்டிருக்கணும். எனக்குத்தான் தோணல."

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். பஸ் நேரத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். நான் பர்ஸை எடுத்துக்கொண்டு, "நானும் கூட வரேங்க்கா ஸ்டேஷனுக்கு" என்றேன்.

"வேணாம். அங்க தாளு, பேனா எல்லாம் இருக்கும். பாத்தா உனக்குக் கை அரிக்கும்."

கீழே இறங்கிப் போய்விட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கன்னடத்து அம்மா அவளுடைய வலது பக்கம் வந்து நடந்தார். பேசிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார்கள். அந்த வருஷம் முழுக்க அவன் வரவில்லை. பத்திரத்தின் கெடு முடிந்த பிறகும் வரவில்லை. அதற்குள் அவனுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று எங்களில் யாரும் போய்க் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்கா என்னிடம் பேசாமல் இருந்ததில்லை. நல்லது கெட்டதுக்கு வருவாள், போவாள். ஆனால் அதற்குப் பிறகு எந்தத் தாளையும் என்னிடம் படித்துச் சொல்லக் கொடுத்ததில்லை. ரேஷன் கார்டு விண்ணப்பத்தைக்கூட அவளே எழுதினாள். தப்பும் தவறுமாக இருந்தது. நான் திருத்தித் தரட்டுமா என்று கேட்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு இன்றைக்கு வரைக்கும் நான் கெட்டிக்காரி. பேரப்பிள்ளைகளிடம்கூட அந்தக் கதையைச் சொல்கிறார். சொல்லும்போது அக்கா அங்கே இருந்தால், அவள் வலது காதைத் திருப்பி முழுசாகக் கேட்கிறாள்.